அஞ்சும் ஞமலி

சிறுபாணாற்றுப்படை இந்த மண்ணின் நூல். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவர் காட்டும் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் என்பது திண்டிவனத்தை அடுத்த ஊர் என்றும் அறிஞர் கொள்வர். அவ்விரண்டையும் இணைக்கும் சாலையில் குன்றாய் எழுந்து நிற்கும் பெருமுக்கல்லின் அடிவாரத்தில் பத்தாண்டுகளாகக் கூடிவரும் ஓர் இலக்கிய வட்டம், 269 அடிகள் கொண்ட அப்பாட்டைத் தன் வீட்டுச் சொத்தாக உரிமை கொண்டாடினால் மறுப்பார் இலர்.

அப்பாட்டில் வறுமைக்குச் சான்றாக எல்லாரும் எடுத்துக்காட்டும் இடம் ஒன்று உண்டு. பாணனின் இடிந்த அடுக்களை அது. கூரை சரிந்திருக்கிறது, சுவரில் கறையான் ஏறியிருக்கிறது, காளான் பூத்திருக்கிறது. அங்கே அண்மையில் ஈன்ற நாய் ஒன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுக்கின்றன. நோவு பொறுக்கமாட்டாமல் தாய்நாய் குரைக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவரோ என்று நாணிக் கதவை அடைத்துத் தன் சுற்றத்தோடு உண்கிறாள். (உப்பு விளையும் கரையை ஆண்டவனைப் பாடும் பாட்டில் உப்பில்லாத கீரை வந்து அமர்ந்திருப்பதைப் புலவர்கள் தனியே எண்ணிப் பார்க்கலாம்.) இப்பகுதியை மேற்கோள் காட்டுவோர் அனைவரும் பாணனின் பசியைக் காண்கின்றனர். நாயை நாயாகவே கண்டவர் குறைவு.

நத்தத்தனார் கண்டிருக்கிறார். நாய் குரைத்தது என்பதோடு அவர் நிற்கவில்லை. ஏன் குரைத்தது என்பதையும் சொல்கிறார். தன் குட்டியை நோக்கியே தாய் குரைக்கும் அந்த ஒலியில் சினம் இல்லை, நோவு இருக்கிறது, அதன் பின்னால் பசி இருக்கிறது. குரைப்புக்குக் காரணம் தேடுதல் என்னும் இந்தப் பழக்கம் ஒரு புலவரின் பழக்கம். கைவிடப்பட்டு அஞ்சி ஒடுங்கிய ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து தெளியச் செய்ய விரும்புவோர்க்கு வேண்டிய முதற்கல்வியும் இதுவே.

அச்சத்தைப் பற்றித் தமிழில் பேசப் புகுவோர் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கடந்து செல்லல் ஆகாது. எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்த ஆசிரியர், அது பிறக்கும் களங்கள் நான்கு என்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை. மனிதனின் அச்சத்துக்கு விலங்கை ஒரு களனாக வைத்த அவ்விலக்கணம் விலங்கின் அச்சத்தைப் பேசவில்லை. அது அதன் வேலையும் அன்று. ஆயினும் அந்த நான்கையும் தெருவில் பிறந்து வளர்ந்த ஒரு நாயின் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. நான்கு இடத்திலும் மனிதனே நிற்கிறான். தீபாவளி இரவில் வானத்தை வெடிக்கச் செய்கிற, காரணம் விளங்காத ஆற்றல் அவன். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும், நாயின் செவி 40,000-க்கும் மேல் கேட்கும் என்பதை நினைத்தால் அந்த அணங்கின் கொடுமை புலப்படும். கல்லோடும் கழியோடும் விரட்டுகிற விலங்கும் அவனே. குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்கிற கள்வனும் அவனே. எல்லாவற்றுக்கும் மேலாக, சோறிடுகிற இறையும் அவன்தான். உண்ணக் கொடுத்த கையே அடிக்கவும் ஓங்கும் என்று கற்ற நாய்க்கு, ஓடிப்போவதும் இயலாது, நெருங்கி வருவதும் இயலாது. நான்கனுள் இந்த நான்காவது அச்சமே ஆறுவதற்கு நெடுநாள் பிடிக்கும்.

உள்ளத்தில் நிகழ்வது உடலின் வழியே காண்போர்க்குப் புலப்படுதலே மெய்ப்பாடு. சொல்லில்லாத உயிருக்கு மெய்ப்பாடு ஒன்றே மொழி. அஞ்சிய நாயின் வால் பின்னங்கால்களுக்கு இடையே ஒடுங்கும். செவிகள் தலையோடு படியும். உடல் தாழ்ந்து எடை முழுவதும் பின்னங்கால்களுக்கு மாறும். இவை எவரும் அறிந்தவை. கற்றுக்கொள்ள வேண்டியவை வேறு சில. உறக்கமில்லாத வேளையில் கொட்டாவி விடுதல், உணவு எதிரில் இல்லாதபோது உதட்டையும் மூக்கையும் நக்கிக்கொள்ளுதல், தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குத் திருப்பி வெண்விழி தெரியப் பார்த்தல், வெயில் இல்லாத இடத்தில் மூச்சிரைத்தல், திடீரெனக் கொத்தாக முடி உதிர்த்தல் ஆகியவை அச்சத்தின் சிறு எழுத்துகள். பசித்திருந்தும் தனக்குப் பிடித்த உணவைத் தொடாதிருத்தல் அச்சத்தின் பேரெழுத்து. உணவை மறுக்கும் நிலையில் இருக்கும் நாய் எதையும் கற்கும் நிலையில் இல்லை. அப்போது செய்யத்தக்கது ஒன்றே, இன்னும் சற்று விலகிப் போதல்.

மிக எளிதில் பிழையாகப் படிக்கப்படுவது வாலாட்டல். தாழ்ந்த வாலின் நுனி மட்டும் விரைந்து அசைந்தால் அது மகிழ்ச்சி ஆகாது, ‘என்னை விட்டுவிடு’ என்னும் வேண்டுதல். நாலடியாரில், யானை தன்னைப் பல நாள் பழகிய பாகனையே கொல்லும், நாயோ எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து வாலாட்டும் என்னும் கருத்து வருகின்றது. நன்றிக்கு எடுத்துக்காட்டாக அதை நூற்றாண்டுகளாகப் பாராட்டி வருகிறோம். வேல் தைத்த உடம்போடு ஆடும் வாலை அன்பு என்று மட்டும் படிப்பது சரிதானா என்னும் ஐயம், நாயின் உடல்மொழியை ஆராய்ந்த இன்றைய அறிவோடு பார்க்கையில் எழாமல் இல்லை. அந்நூலின் நோக்கம் நட்பைப் பற்றியது, விலங்கியல் அன்று. எனவே குறை அந்நூலுடையது அன்று. அச்சத்தை நன்றி என்று படித்து மகிழ்கிற பழக்கம் படிப்பவருடையது.

அச்சம் எவ்வாறு உள்ளே தங்குகிறது என்பதை ஒரு வெள்ளம் உலகுக்குக் காட்டியது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுகளில் அடைபட்டிருந்தன. நீர் ஏறிய கூண்டுகளிலிருந்து அவற்றை நீருக்குள் இழுத்தே வெளியே கொணர வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்த நாய்களுள் சில, அதுவரை தாம் கற்றிருந்தவற்றை இழந்துவிட்டன என்பதைப் பாவ்லோவின் குழுவினர் கண்டனர். ஆய்வாளர் அறைக்குள் வந்து உடனிருந்தபோது அவற்றுள் ஒன்று மெல்ல மீண்டது. முழுதும் தேறிவிட்டதென்று எண்ணியிருந்த வேளையில், அறைக்கதவின் கீழே சிறிதளவு நீரைக் கசியவிட்டபோது பழைய நடுக்கம் அப்படியே திரும்பியது. ஆய்வு நெறி என்ற பெயரில் அது கொடுமைதான். ஆனால் உடனிருத்தல் மீட்கும், சிறு கசிவு திரும்பக் கொணரும் என்னும் இரு உண்மைகளும் அதிலிருந்து கிடைத்தன.

தமிழகத்திலும் வெள்ளத்திலிருந்தே ஒரு தொடக்கம் பிறந்தது. 1959-இல் சென்னைத் தியாகராய நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் வி. சுந்தரம் தூக்கித் தம் வீட்டுக்குக் கொண்டுசென்றார். இந்திய நீலச் சிலுவைச் சங்கமாகிய புளூ கிராஸ் அந்த வீட்டிலிருந்து வளர்ந்தது. தெருநாய்களைக் கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்து பெருக்கத்தைக் குறைக்கலாம் என்னும் வழியை நம் நாட்டில் முன்வைத்து உழைத்தவர்களுள் அச்சங்கத்தார் முதன்மையானவர்.

இக்கடற்கரையோ வெள்ளத்தை நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையேயுள்ள சின்னக்காலாப்பட்டில், அஞ்சி வீட்டுக்குள்ளேயே ஓடி ஒளிந்த ஏழு வயதுச் சிறுவனை அவ்வீட்டு நாய் செல்லமாகக் கடித்தும் முட்டித்தள்ளியும் மேட்டுக்கு ஓடச் செய்த செய்தி அப்போது உலக ஏடுகளில் வெளிவந்தது. இத்தகைய நாய்களுக்குத் தமிழர் கல் நட்டிருக்கின்றனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், எருமை நிரை காக்கப் பட்ட வீரனோடு அவனுடைய நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அதன் பெயர் கோவிவன். தக்கோலப் போரை ஒட்டிக் கன்னட நாட்டு ஆதகூரில் எழுந்த பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் நாயைப் போற்றுகின்றது. அஞ்சிய நாய்க்கு எவரும் கல் நட்டதில்லை. புகழுக்குரிய செயல் எதையும் செய்யாத, செய்ய இயலாத ஓர் உயிரோடு பொறுமையாக உட்கார்ந்திருப்பதற்கு மரபில் பாடாண்திணை இல்லை.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் இக்கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளப் பாத்திகளும் வரப்புகளும் ஒரே நீர்ப்பரப்பாயின. அத்தகைய மழைக்குப் பிறகு, உப்புக்கிடங்கின் சுவரோரம் நனைந்து நிற்கும் பெட்டைநாய் ஒன்றைப் பெருமுக்கல் பக்கத்துக் குடும்பம் ஒன்று வீட்டுக்குக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது எடுத்துக்காட்டுக்காகப் புனைந்த நாய். ஆனால் இதன் அச்சத்தில் புனைவு இல்லை.

முதல் நாளில் பலரும் செய்வது யாது? ஊரார் வந்து பார்க்கின்றனர். குழந்தைகள் சூழ்கின்றனர். ஒருவர் குனிந்து, கண்ணுக்குக் கண் நோக்கி, உச்சந்தலையைத் தடவுகிறார். அனைத்தும் அன்பினால் செய்யப்படுபவை. அனைத்தும் நாயின் மொழியில் மிரட்டல்கள். மேலிருந்து இறங்கும் கையைக் கல்லெறியும் கையிலிருந்து பிரித்தறிய அதற்கு இன்னும் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே முதலில் வேண்டியது ஒரு மூலை. மாடிப்படியின் அடி, தொழுவத்தின் ஓரம், எதுவாயினும் மூன்று பக்கம் மறைவு இருக்க வேண்டும். கீழே கோணிச்சாக்கு, முன்னே பாதி தொங்கும் பழைய சேலை. அந்த மூலைக்குள் எவரும் கைநீட்டலாகாது. அங்கிருந்து நாயை இழுத்து வெளியே கொணர்தலும் ஆகாது. வீட்டில் உள்ளோர் உடுத்திய துணி ஒன்று அருகே கிடந்தால், ஆள் வருமுன் ஆளின் மணம் பழகும். நீரும் சோறும் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே ஓசையோடு வர வேண்டும். அஞ்சியவர்க்கு அடுத்து என்ன நிகழும் என்பது தெரிதலே பாதி ஆறுதல்.

பிறகு வீட்டுப் பெண் ஒருத்தி, மூலையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, நாய்க்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறாள். நாயைப் பார்ப்பதில்லை, அழைப்பதில்லை. இடையிடையே வேகவைத்த முட்டையின் ஒரு துண்டை எறிகிறாள். தன்னை நோக்கி வரச் செய்யும்படி எறியாமல் நாய்க்கு அப்பால் விழும்படி எறிகிறாள். இச்சிறு செய்தியில் பெரிய நுட்பம் அடங்கியிருக்கிறது. உணவைக் கையில் வைத்துக்கொண்டு ‘வா, வா’ என்று அழைத்தால், பசி நாயை முன்னே தள்ளும், அச்சம் பின்னே இழுக்கும். வந்து உணவைப் பற்றிய கணத்தில் தான் நிற்கும் இடத்தை உணர்ந்து அது முன்னிலும் அதிகமாக வெருளும். உணவை அப்பால் எறிந்தால் உண்பதற்காகவே அது விலகிப் போகிறது. விலகியதும் மனம் தளர்கிறது. தளர்ந்தபின் தானாக ஓரடி திரும்பி வருகிறது. அந்த ஓரடிக்கு விலை எதுவும் கேட்கப்படவில்லை. (கருவாடு இக்கரையில் எளிதில் கிடைக்கும், நாய்க்கு அதில் உப்பு மிகுதி. உப்பிடாத மீனை முள்நீக்கி வேகவைத்துக் கொடுத்தல் நன்று.)

முதல் தொடுகை தலையில் நிகழக் கூடாது. நாயே வந்து முகர்ந்து, விலகாமல் நின்றால், மார்பிலோ தாடையின் கீழோ மூன்று எண்ணும் நேரம் வருடிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு நாய் என்ன செய்கிறது என்பதே வினாவின் விடை. நெருங்கி வந்தால் இன்னும் மூன்று எண்ணலாம். உடலை உதறிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் அன்றைய பேச்சு முடிந்தது. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் தெருநாய்களிடையே செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, புதிய மனிதரை மீண்டும் மீண்டும் சந்திக்கையில் நாயின் நம்பிக்கையை வளர்ப்பதில் உணவினும் வருடல் மேலோங்கி நின்றதைக் கண்டது. சோற்றுக்காகவே நாய் ஒட்டிக்கொள்கிறது என்று இளக்காரமாகச் சொல்வோர் இதைக் கருத வேண்டும்.

துடைப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தெருவில் வளர்ந்த நாய்கள் பலவும் துடைப்பத்தைக் கண்டு நடுங்கும். அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தப் பெட்டைநாயும் காலையில் வாசல் பெருக்கும் ஓசை கேட்டதும் மூலைக்குள் சுருண்டுகொள்கிறது. துடைப்பத்தை அதன் முன்னே கொண்டுபோய் ‘பார், ஒன்றும் செய்யாது’ என்று காட்டுவது, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவது போன்றது. நாய் அடங்கிப்போகும், பழகிவிட்டது என்று வீட்டார் மகிழ்வர். உள்ளே நிகழ்ந்தது முறிவு. செய்யத்தக்க முறை வேறு. முற்றத்தின் எதிர்க்கோடியில் துடைப்பம் அசையாமல் கிடக்கட்டும். நாய் அதைப் பார்க்கிறது, ஆனால் உணவை மறுக்கும் அளவுக்கு அஞ்சவில்லை. அந்தத் தொலைவே தொடங்குமிடம். பார்க்கும்போதெல்லாம் ஒரு முட்டைத் துண்டு விழுகிறது. சில நாட்களில் நாய் துடைப்பத்தைப் பார்த்ததும் வீட்டுப் பெண்ணின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. பொருளின் பொருள் மாறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். பிறகு அரையடி அருகே. பிறகு ஒருவர் அதைக் கையில் எடுத்து உடனே கீழே வைத்தல். பிறகு ஒரே ஒரு முறை தரையில் இழுத்தல். எங்கேனும் நாய் உணவை மறுத்தால் முந்தைய படிக்குத் திரும்புதல். இதற்கு வாரங்கள் ஆகலாம். சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றும் கவிஞர்கள் இவ்வேலையின் மெதுமையை அறிவர்.

காலக்கணக்குக் கேட்போர்க்கு, மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று நாய் மீட்போரிடையே ஒரு வாய்பாடு உண்டு. திகைப்பு அடங்க முதலாவது, வீட்டின் ஒழுங்கு விளங்க இரண்டாவது, இது தன் வீடு என்று தேற மூன்றாவது. அது வெறும் வாய்பாடே. ஸ்காட், ஃபுல்லர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1965-இல் வெளியிட்ட நூல், பிறந்து மூன்றாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலமே நாய்க்குட்டி பிற உயிர்களோடு உறவு கொள்ளப் பழகும் பருவம் என்று காட்டியது. அப்பருவத்தில் மனித அன்பையே அறியாது வளர்ந்த நாய்க்கு ஆண்டுகள் ஆகலாம். மடியில் ஏறும் நாயாக அது ஒருபோதும் ஆகாமலும் போகலாம். தெளிந்த வேறொரு நாய் வீட்டில் இருந்தால், மனிதர் மாதக்கணக்கில் கற்பிப்பதை அது நாள்கணக்கில் கற்பித்துவிடுவதும் உண்டு. கால்நடை மருத்துவரிடம் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் மட்டுமன்று, மறைந்திருக்கும் வலிக்காகவும். நத்தத்தனாரின் நாய் வலியால் குரைத்தது. அச்சம் என்று எண்ணப்படுவது பல்லிலோ இடுப்பிலோ உள்ள நோவாக இருத்தல் கூடும். அச்சம் மிக ஆழமானதாயின் அதற்கும் மருந்து உண்டு. வெளியே கொண்டுசெல்லும்போது முதல் வாரங்களில் கழுத்துப்பட்டையோடு மார்புவாரும் சேர்த்து இரண்டு பிணைப்புகள் தேவை. வெருண்ட நாய் ஒற்றைப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் விரைவு அனைவரும் அறிந்ததே.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்றோர் அதிகாரம் உண்டு. அரசன் ஒருவனை ஆராய்ந்த பின்பே நம்ப வேண்டும், நம்பிய பின் ஐயுறல் ஆகாது என்பது அதன் சாரம். நாய்க்கும் மனிதர்க்கும் இடையே அவ்வதிகாரத்தைப் பொருத்தினால், ஆராயும் இடத்தில் நாயை அமர்த்த வேண்டும். ஆராயப்படுபவர் மனிதர். அது ஓரடி வந்து நிற்பதும், முகர்வதும், விலகிச் சென்று படுத்துக்கொண்டு பார்ப்பதும் தேர்வுகள். அத்தேர்வுகளை விரைவுபடுத்த மனிதர்க்கு உரிமை இல்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதை வள்ளுவரே பேதைமை என்றார். கல்லெறிபட்ட நாய் கையைக் கண்டு அஞ்சுவது அறிவு. கை மாறிவிட்டது என்பதை நிறுவும் பொறுப்புக் கைக்கே உரியது.

இங்கே இன்னோர் ஆய்வைச் சொல்வது பொருந்தும். 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர், தப்ப வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு உட்பட்ட நாய்கள், பின்னர் தப்ப வழி இருந்தபோதும் அசையாமல் கிடந்ததைக் கண்டனர். இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2016-இல், அவ்விருவரே தம் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினர். நெடிய துன்பத்தில் உயிர் அசைவற்றுப் போதல் கற்கப்படுவது அன்று, அது இயல்பாகவே நிகழ்வது. தன் செயலால் ஒன்றை மாற்ற முடியும் என்பதே கற்கப்படுவது என்றனர். தொல்காப்பியர் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டின் களங்களாகக் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றைச் சொன்னபோது, அஞ்சாமையாகிய தறுகண்ணுக்கு முன்னே கல்வியை வைத்தார். மனிதரின் கல்வியையே அவர் கருதினார் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வரிசை அஞ்சிய நாயிடமும் மெய்யாகிறது. முகத்தைத் திருப்பினால் கை விலகுகிறது என்பதைக் கற்ற நாய், பின்பு கையை விலக்கச் சொல்வதே இல்லை. மூலைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றறிந்த நாய், மூலையை விட்டு வெளியே வருகிறது. சாக்கின் மடிப்புகளில் ஒளித்து வைத்த தின்பண்டத்தைத் தானே மோப்பம் பிடித்து எடுத்த நாயின் நடையில் வேறுபாடு தெரிகிறது. துணிவு என்பதை ஊட்ட இயலாது. தன் செயலுக்கு விளைவு உண்டு என்பதை நாய் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கண்டறிய இடம் தரலாம், அவ்வளவே.

இதனை வீட்டுக்குள் அடங்கிய சிறு செய்தி என்று ஒதுக்குதற்கில்லை. 2025 ஆகஸ்டு 11-இல் உச்சநீதிமன்றம் தில்லிப் பகுதித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. ஆகஸ்டு 22-இல் மூவர் அமர்வு அதனை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் விடப்படலாகாது என்றது. அவ்வாண்டு நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றும் ஆணையும் வந்தது. இவ்வழக்கில் இரு பக்கத்துத் துயரமும் மெய்யானது. உலகின் வெறிநோய் இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில் நிகழ்கிறது. கடிபடுவோரில் பலர் செருப்பில்லாமல் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள். (கடிபட்டால் உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவித் தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும், மஞ்சளும் சுண்ணாம்பும் மருந்தாகா.) ஆனால் மூர்க்கமான நாய் எது என்று எவர் முடிவு செய்வது, எதைப் பார்த்து? கடிக்கும் நாய்களுள் பெரும்பகுதி அஞ்சிய நாய்களே. 2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், காற்பந்து வீரர் மைக்கேல் விக் நடத்திய நாய்ச்சண்டைக் களத்திலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட நாய்கள் மீட்கப்பட்டன. கொல்லப்பட வேண்டியவை என்றே பலரும் எண்ணினர். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தபோது, அவற்றுள் பல மூர்க்கமானவையாக இல்லை. மனிதரைக் கண்டதும் வயிற்றைத் தரையோடு ஒட்டி, அசையாமல் கிடந்தன. பெரும்பாலானவை பிழைத்தன, சில வீட்டுநாய்களாயின. அச்சத்தை மூர்க்கம் என்று படித்தால் ஒரு நாய் வாழ்நாள் முழுதும் கூண்டில் கிடக்கும். அச்சத்தைச் சாந்தம் என்று படித்தால் ஒரு குழந்தையின் முகம் கிழியும். படிப்பின் பிழை இரு பக்கமும் வெட்டுகிறது.

ஆகவே உறுமலைத் தண்டிப்பது எல்லாவற்றினும் பெரிய தவறு. உறுமல் கடிக்கு முந்தைய எச்சரிக்கை. அதனை அடித்து நிறுத்தினால் அச்சம் நிற்பதில்லை, எச்சரிக்கை மட்டுமே நின்றுபோகிறது. அடுத்த முறை அந்நாய் சொல்லாமல் கடிக்கும். உறுமும் நாயை விட்டு விலகி, எதனால் உறுமியது என்று பார்ப்பவரே அவ்வீட்டுக் குழந்தையைக் காப்பவர். உண்ணும்போதும் உறங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் நாயை அணுகலாகாது என்பதைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் காலத்திலேயே அறிவித்தல் வேண்டும். அஞ்சிய நாயைத் தேற்றினால் அச்சம் வளரும் என்பது மற்றொரு பிழையான நம்பிக்கை. அச்சம் ஓர் உணர்வு. பரிசு கொடுத்து வளர்க்கத்தக்க செயல் அன்று. நாயே வந்து ஒட்டி நின்றால் உடனிருத்தலில் தவறு இல்லை.

மீண்டும் அந்தப் பெட்டைநாயிடம் வருவோம். ஆண்டு ஒன்று கடக்கிறது. அது இப்போது வாசலில் படுக்கிறது. துடைப்பத்துக்கு எழுந்து வழிவிடுகிறது, ஓடுவதில்லை. கோடைப்பருவத்தில் வீட்டார் உப்பு வாரப் போகும்போது வரப்பில் முன்னே நடக்கிறது. ஐப்பசி பிறந்து கடற்பக்கம் முதல் இடி கேட்கிறது. கூரை ஒழுகி, சமையலறைத் தரையில் நீர் ஒரு கோடாக ஓடுகிறது. நாய் எழுந்து நிற்கிறது. வால் ஒடுங்குகிறது, உடல் நடுங்குகிறது, முட்டைத் துண்டை முகர்ந்தும் பார்க்கவில்லை. பெருவழிக்கு ஓடவும் இல்லை. படியடி மூலைக்குப் போய், சேலைத் தொங்கலின் பின்னே படுத்துக்கொள்கிறது. வீட்டுப் பெண் தரையைத் துடைத்துவிட்டு, ஏழெட்டு அடி தள்ளி, பக்கவாட்டில் அமர்ந்து கீரை ஆய்கிறாள். மழை நின்று நெடுநேரம் கழித்துச் சேலையின் கீழிருந்து முதலில் மூக்கு மட்டும் வெளியே வருகிறது.